நோன்பு மாதத்து மதியச் சாப்பாடு: செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. மதிப்புரைக்கு இது முறையல்ல என்று தெரியும். ஆனால் ரமலான் பகலில் இங்கே பிரியாணி கிடைக்கும் என்று பெயரோடு எழுதிவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முதலாளியைச் சுற்றி நாலு பேர் நின்று விளக்கம் கேட்பார்கள். அவருக்கு அந்தத் தொல்லை வேண்டாம். அடையாளம் மட்டும் சொல்கிறேன்: சேலம் லீ பஜாரில் மூட்டை இறக்குபவர்களும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களும் மதியம் எங்கே போகிறார்கள் என்று விசாரியுங்கள். யாரும் கை காட்டிவிடுவார்கள். என் பெயரும் இதில் இல்லை. காரணம் ஏறக்குறைய அதேதான்.

முதலில் சாப்பாடு. மட்டன் பிரியாணி சீரகச் சம்பாவில், விறகடுப்பில் செய்கிறார்கள். அண்டாவின் மூடிமேல் கங்கு போட்டுத் தம் வைப்பதை வாசலில் நின்றே பார்க்கலாம். கலர்ப்பொடி கிடையாது, அரிசியின் மேல் தெரிவது மசாலாவின் சொந்த நிறம். பரிமாறுகிறவர் கரண்டி பிடிப்பதில்லை. ஒரு சின்னத் தட்டை அண்டாவின் ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, அடி மசாலாவும் மேல் சோறும் சேர்ந்து வரும்படி அறுத்து எடுக்கிறார். நடுவில் குத்திக் கிளறும் கடைகளில் முதல் ஆளுக்கு வெள்ளைச் சோறும் கடைசி ஆளுக்கு எண்ணெயும் கிடைக்கும். இங்கே இரண்டரை மணிக்குப் போனாலும் பன்னிரண்டு மணிப் பிரியாணிதான். கறி பெரும்பாலும் நெஞ்செலும்பும் தொடையும். பரிமாறுகிறவரைத் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்லி சேர்ந்து விழும், தெரியாதவர்களுக்கு விழாது. இந்தப் பாரபட்சத்தைக் குறையாகவே பதிவு செய்கிறேன்.

தால்சாவுக்காகவே போகலாம். எலும்பு, கத்திரிக்காய், புளிப்புக்கு மாங்காய். சேலத்தில் மாங்காய் இறங்கும் பருவத்தில் தால்சாவின் குணமே மாறிவிடுகிறது. தை மாதத்தில் வெறும் புளியைக் கரைத்து ஒப்பேற்றுகிறார்கள். தயிர் வெங்காயம் தண்ணீராக இருக்கும். கோழி பிரியாணி வேண்டாம்; மட்டன் மசாலாவிலேயே கோழியைப் போட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. மூளை வறுவல் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

இனி ரமலான் விஷயம். அந்த ஒரு மாதம் கடை வாசலில் மேலிருந்து கீழ்வரை பச்சைத் துணி தொங்கும். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து உள்ளே போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கவனிக்கவும். உள்ளே எல்லாம் வழக்கம்போல. மூட்டைக்காரர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்குப் பசிக்கும் நேரத்தில் பசிக்கிறது. கல்லாவில் முதலாளி உதடு காய்ந்து உட்கார்ந்திருப்பார். நெற்றியில் தொழுகைத் தழும்பு உள்ள மனிதர், நோன்பை விட்டதே இல்லை என்று அவருடைய அக்காள் மகன் சொல்வான். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் எழுந்து போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை யாருக்கும் சில்லறை கிடைக்காது. அவசரக்காரர்கள் சரியான தொகையை எடுத்துப் போவது நல்லது.

மாஸ்டரும் நோன்பு, கையாளும் நோன்பு என்றால் உப்பு பார்ப்பது யார்? பாத்திரம் கழுவும் அக்காவைக் கூப்பிடுகிறார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர் அவர். உள்ளங்கையை நீட்டுவார், மாஸ்டர் அதில் கொஞ்சம் குழம்பு ஊற்றுவார். நக்கிப் பார்த்துவிட்டு “இன்னும் அரைக் கை” என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் கையை உதறிவிட்டுப் போய்விடுவார். உதறினால் சரி. ஆண்டின் மற்ற பதினோரு மாதமும் மாஸ்டரே உப்பு பார்க்கிறார். கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆகவே இந்தக் கடையில் பிரியாணி சாப்பிட உகந்த மாதம் ரமலான்தான் என்பது என் துணிபு.

இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்பீர்கள். நானும் பச்சைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அத்தா ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. யாரோடும் சண்டை போட்டுப் போகவில்லை, எந்தப் புத்தகமும் கெடுக்கவில்லை. குவைத்தில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் பார்த்தால் உள்ளே இல்லை.

அங்கே ரமலான் பகல் எப்படி என்று இங்கே பலருக்குத் தெரியாது. குவைத்தில் 1968-ஆம் ஆண்டின் 44-ஆம் எண் சட்டப்படி, நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்டாலோ குடித்தாலோ 100 தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யாராக இருந்தாலும். உடன் வேலை செய்த கோட்டயத்துக் கிறிஸ்தவர்கள் பேன்ட்ரி கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. என் பெயரை வைத்துக்கொண்டு நான் அந்தக் கதவைத் தட்ட முடியாது. ஏர் ஃபில்டர் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு குப்பூஸ் ரொட்டியை இரண்டாக மடித்து விழுங்குவேன். மெல்லும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் ஓர் எகிப்துக்காரர் இருந்தார். எல்லா ஆண்டும் ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஅபானின் கடைசியில் அவருக்கு அல்சர் வந்துவிடும். பெருநாள் பிறை தெரிந்ததும் குணமாகிவிடும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அவர் நாட்டு அடையாள அட்டையில் மதம் என்ற இடத்தில் இஸ்லாம், கிறிஸ்தவம், யூதம் என்று மூன்றுக்குத்தான் இடம். 2009-இல் பஹாய் மதத்தவருக்கு ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. முஸ்லிமாகப் பிறந்து நம்பிக்கையை விட்டவருக்கு அந்தக் கோடும் கிடையாது.

குவைத்தில் மதத்தை விட்டதற்கென்று தனியாகச் சிறைத் தண்டனை இல்லை. ஆனால் 1984-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் இருக்கிறது: மதத்தைத் துறந்தவருக்கு வாரிசுரிமை போகும், திருமண பந்தமும் முறியும். பக்கத்தில் சவூதியில் 2014 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஒழுங்குமுறை, நாத்திகச் சிந்தனைக்கு எந்த வடிவில் அழைப்பு விடுத்தாலும் அது பயங்கரவாதம் என்று வரையறுத்தது. வெளியே வாயைத் திறக்காமல் இருக்க இவ்வளவு போதும்.

மொராக்கோவின் சட்டம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் 222-ஆவது பிரிவு, முஸ்லிம் என்று பலரும் அறிந்த ஒருவர் ரமலானில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வெளிப்படையாக நோன்பை முறித்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அவர் நம்புகிறாரா என்று சட்டம் கேட்கவில்லை. பலரும் எப்படி அறிந்திருக்கிறார்கள் என்பதே கணக்கு. ஒருவருடைய மதத்தை அவருடைய மளிகைக்கடைக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். 2009 செப்டம்பரில் அங்கே சில இளைஞர்கள் முகம்மதியா நகரத்துப் பக்கம் ரமலான் பகலில் வனபோஜனம் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ரயில் நிலையத்தில் அவர்களை மறித்த போலீசார்தான் அதிகம். பைகளில் இருந்தது சாண்ட்விச். 2013 ஆகஸ்டில் அல்ஜீரியாவின் திசி ஊசூவில் நூற்றுக்கணக்கானோர் பகலில் வீதியில் கூடி மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். துனிசியாவின் 2014 அரசியல் சட்டம் மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு உறுதி கொடுத்தது, ஒருவரைக் காஃபிர் என்று அறிவிப்பதையும் தடை செய்தது. அப்படியிருந்தும் 2017-இல் பிசெர்த்தே நகரில் பூங்காவில் பகலில் சாப்பிட்டும் புகைத்தும் இருந்த நால்வருக்கு ஒரு மாதச் சிறை விதித்தார்கள். நோன்புக்கென்று சட்டம் இல்லாததால் பொது ஒழுக்கக் கேடு என்று வழக்கு.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சிரியாவில் மஅர்ரத் அல்-நுஃமான் என்ற ஊரில் அபுல் அலா அல்-மஅர்ரி என்று ஒரு பார்வையற்ற கவிஞர் வாழ்ந்தார். காலம் 973 முதல் 1057 வரை. எந்த மதத்தையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்தவர். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்து, சொந்த ஊரிலேயே இயற்கையாகச் செத்தார். ஆயிரம் ஆண்டு கழித்து, 2013-இல், ஆயுதக் குழுவினர் அவருடைய சிலையின் தலையை வெட்டினார்கள். அவர் கறி மட்டுமல்ல, முட்டை, பால், தேன்கூடத் தொடாதவர். பிரியாணிக் கடை மதிப்புரையில் அவரை இழுத்ததற்கு அவர் கோபித்துக்கொள்ளக்கூடும்.

சேலத்துக்கு நாத்திகம் புதிதல்ல. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இந்த ஊர் மாநாட்டில்தான். என் தெருவில் ஒரு கருப்புச் சட்டைக்காரர் இருக்கிறார். கடவுள் இல்லை என்று காலண்டரிலேயே அடித்து மாட்டியிருக்கிறார். அவர் வீட்டம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார், தம்பி பழனிக்குக் காவடி எடுக்கிறார், ஒருவரும் அவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதில்லை. ஊர் அவருக்குப் பழகிவிட்டது. “நீங்களும் வெளிப்படையாக வந்துவிடுங்கள் தோழர்” என்று என்னிடம் சொல்வார். சுலபமாகச் சொல்லிவிடுகிறார். கோவையில் 2017 மார்ச் 16 அன்று ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்கள். பழைய இரும்பு வியாபாரி. திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர். கடவுள் மறுப்பை வாட்ஸப்பிலும் முகநூலிலும் எழுதியவர். மகனுடைய வழியில் தானும் அந்தக் கழகத்தில் சேருவேன் என்று அவருடைய தந்தை சொன்னதைச் செய்தித்தாளில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கழகத்தின் தலைவர் கொளத்தூர் மணி எங்கள் மாவட்டத்துக்காரர்.

கத்தி எல்லோருக்கும் வருவதில்லை. பெரும்பாலோருக்கு வருவது சின்னச் சின்னக் கணக்குகள். தங்கை மகள் நிக்காஹ்வுக்கு ஜமாஅத்தின் திருமணப் பதிவேடான தஃப்தர் வேண்டும். அம்மா மௌத்தானால் மையவாடியில் குழி வேண்டும். எனக்கும் வேண்டும், எரித்துவிடச் சொல்லலாம்தான், அதை யார் போய் வீட்டில் சொல்வது? சொத்தில் பங்கு பிரிப்பது ஷரீஅத்படிதான். மத நம்பிக்கையை விட்ட கேரளப் பெண் ஒருவர், தனக்கு அது வேண்டாம், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று கேட்ட மனுவை 2024-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. ஷரீஅத்படி ஒற்றை மகளுக்குப் பொதுவாகச் சொத்து முழுவதும் போகாது; பெண் பிள்ளையை மட்டும் பெற்றவர்களுக்கு அந்த வழக்கின் அருமை தெரியும்.

சரி, கடைக்கு வருகிறேன். கடந்த ரமலானில் நான் மூலை மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இஃப்தாருக்கு சமோசா ஆர்டர் சொல்ல ஓர் இளைஞர் துணியை விலக்கி உள்ளே வந்தார். என்னை எங்கோ பார்த்திருக்கிறார் போல. ஏதாவது கல்யாணமாக இருக்கும். கல்லாவில் குனிந்து, எனக்குக் கேட்கும்படியே கேட்டார்: “பாய், இவர் நம்ம ஆள்தானே?”

முதலாளி நிமிரவில்லை. நோட்டை எண்ணிக்கொண்டிருந்தார். “நோயாளி இருப்பார், பயணி இருப்பார். அந்தக் கணக்கு எழுத என்னை உட்கார வைக்கவில்லை, தம்பி. போன வாரத்துப் பாக்கி ஐந்நூறு ரூபாய், அதைச் சொல்” என்றார். இளைஞர் பணத்தை வைத்துவிட்டுப் போனார். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலிருந்து விலக்கு உண்டு. எனக்குச் சர்க்கரையும் இல்லை, சேலத்தை விட்டுப் பயணமும் இல்லை என்று முதலாளிக்கு நன்றாகத் தெரியும். நான் கை கழுவி வந்து பணம் கொடுத்தபோது வழக்கம்போல, “தால்சா எப்படி அண்ணே?” என்றுதான் கேட்டார். மாங்காய் போதவில்லை என்றேன். “இன்னும் காய் வரவில்லை” என்றார்.

எத்தனையோ நாட்டில், எத்தனையோ விலையில் சாப்பிட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட உபசரிப்பு எந்த மெனு அட்டையிலும் கிடையாது. நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். குறைந்த ஒன்றில் பாதி கை கழுவும் இடத்துக்கு: குழாய் ஒன்று, சோப்பு கரைந்து கிடக்கும், தண்ணீர் செருப்பில் தெறிக்கும். மீதிப் பாதி கோழி பிரியாணிக்கு.

மாலையில் போகிறவர்களுக்கு: மஃரிப் பாங்குக்கு முன் வாசலில் பெரிய பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி வைப்பார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், கொத்துக்கறி. யார் வந்து குவளையை நீட்டினாலும் ஊற்றுகிறார்கள், காசு கிடையாது. (பள்ளிவாசல்களில் காய்ச்சும் கஞ்சிக்குத் தமிழ்நாடு அரசு பச்சரிசி கொடுக்கிறது, இந்தக் கடைக் கஞ்சி முதலாளியின் சொந்தச் செலவு.) நான் தவறாமல் குடிக்கிறேன். சூடாக இருக்கும்போதே குடியுங்கள், ஆறினால் கெட்டியாகிவிடும்.

மட்டன் பிரியாணி முழு பிளேட் 240 ரூபாய், அரை பிளேட் 140. ஜிபே உண்டு, லுஹர் நேரத்திலும் அது வேலை செய்யும். வண்டி நிறுத்த இடமில்லை. லீ பஜார் லாரிகளுக்குப் பின்னால் நிறுத்தினால் மாலைவரை எடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. பார்சல் வாங்குகிறவர்கள் தால்சாவுக்குச் சொந்தத் தூக்குவாளி கொண்டுபோங்கள். அவர்கள் கட்டிக்கொடுக்கும் பை வீடு போய்ச் சேருவதற்குள் ஒழுகிவிடுகிறது.