சைலமா, ஃபுளோயமா?

செடிக்குள் நீரையும் உணவையும் கடத்தும் பாதைகள் இரண்டு: சைலம், ஃபுளோயம். சைலம் செத்த செல்களால் ஆன குழாய். வேர் உறிஞ்சிய தண்ணீரும் தாது உப்புகளும் இதில்தான் மேலே ஏறும். 100 மீட்டரைத் தாண்டும் ரெட்வுட் மரத்திலும் பம்பு எதுவும் கிடையாது. இலையில் நீர் ஆவியாக ஆக, கீழிருக்கும் நீர் கயிறுபோல இழுபட்டு மேலே வருகிறது.

ஃபுளோயம் அப்படியில்லை, உயிருள்ளது. இலை சமைத்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும், தேவைப்படும் பக்கமெல்லாம் கொண்டுபோகும். அசுவினிப் பூச்சி ஊசிவாயைக் குத்துவது இதில்தான். இலை பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அந்தப் பூச்சி கழித்த இனிப்பு நீர்தான்.

சரி, எதை அறுத்தால் ஆபத்து? சைலம் போனால் இலை சீக்கிரமே வாடிவிடும். ஃபுளோயம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில்; பட்டையை மட்டும் வளையமாக உரித்தால் அதுவும் போகும். வெட்டுக்கு மேலே தண்டு வீங்கும், வேர் மெல்லப் பட்டினி கிடந்து சாகும். என்னைக் கேட்டால் இதுதான் மோசம்: இலை மட்டும் ரொம்ப நாள் பச்சையாகவே நிற்கும், ஆபத்து வெளியே தெரியாது.