வேலூர் வெயிலும் என் ஈறும்: பல்லிடை பிரஷ், 3 மாத அனுபவம்

ஒவ்வொரு கத்திரி வெயிலுக்கும் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஈறு வீங்கி ரத்தம் கசியும். சூடு என்று மோரும் இளநீருமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் அளந்து பார்த்து, ஈறு பல்லைவிட்டு 5 மி.மீ. விலகியிருக்கிறது என்றார், 3 மி.மீ. வரை பரவாயில்லையாம். வெயில் நோயைத் தராது, அழுக்குப் படலம்தான் தரும். ஆனால் பகலெல்லாம் கடையில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் எச்சில் வற்றி, கிருமிக்குக் கொண்டாட்டம் என்றார். மார்கழியில் மூக்கடைத்து வாயால் மூச்சுவிடும்போதும் இதே கதைதான். எனக்குச் சர்க்கரை வேறு.

பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் முடித்து, பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் இந்தக் குட்டி பிரஷ்ஷை வாங்கச் சொன்னார். 0.7 மி.மீ. அளவு. முதல் வாரம் போட்டாலே ரத்தம், விட்டுவிடலாமா என்றிருந்தது. பத்து நாளில் நின்றது. இந்த மே மாதம் வீக்கமே இல்லை, வாய் நாற்றமும் குறைந்திருக்கிறது (வீட்டம்மாவின் சான்றிதழ்!).

குறை: பிரஷ்ஷின் நடுக் கம்பி சீக்கிரம் வளைகிறது. ஒரு பிரஷ் எனக்கு ஒரு வாரம்கூட வரவில்லை. பின்பல்லுக்கு நேர்ப்பிடி எட்டாது, வளைந்த பிடி வாங்குங்கள். அளவை டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். நான் முதலில் பெரிதாக வாங்கி ஈறைக் குத்திக்கொண்டேன். கூடவே தந்த குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தில் பல் பழுப்பேறியது, இரண்டு வாரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஐந்துக்கு மூன்றரை.