பச்சையா, சிவப்பா? 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டில் எது

பழைய 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டை மாற்றலாம் என்று இறங்கியதில், கடைசியில் பட்டியலில் மிஞ்சியவை இரண்டு: பச்சைக் கட்சியான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, சிவப்புக் கட்சியான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. முதலாவது 2025 ஏப்ரலில் வந்தது, அடுத்தது ஜூனில். நான் வாங்கியது 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. அதனால் இது நடுநிலைத் தீர்ப்பு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கார்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக வருகின்றன. அறிமுக விலை, 5060 டிஐக்கு 379 டாலரும் 429 டாலரும். 9060 எக்ஸ்டிக்கு 299, 349. நம் ஊருக்கு வரும்போது 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. போதாக்குறைக்கு 2025 கடைசியில் மெமரி விலையும் எகிற ஆரம்பித்ததால் ரூபாய்க் கணக்கை இங்கே எழுதிப் பிரயோஜனமில்லை. ஆனால் அந்த நாலு விலையையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பச்சைக் கட்சியின் 8 ஜிபி கார்டு, சிவப்புக் கட்சியின் 16 ஜிபி கார்டைவிட விலை அதிகம். ஒரே பட்ஜெட்டோடு கடைக்குப் போகிறவருக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

வேகத்தில் பெரிய சண்டை இல்லை. 16 ஜிபிக்கு 16 ஜிபி வைத்துப் பார்த்தால் 5060 டிஐ கொஞ்சம் முன்னால் நிற்கும், ரே டிரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் போலக் கணக்கிடும் வசதி) போட்டால் இன்னும் கொஞ்சம். மின்சாரம் 5060 டிஐக்கு 180 வாட், 9060 எக்ஸ்டிக்கு 160. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் (கணினியின் பவர் சப்ளை) இருந்தால் இரண்டும் ஓடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது மெமரிதான். விளையாட்டின் டெக்ஸ்சர், அதாவது சுவர், தரை, துணி மேல் ஒட்டும் படங்கள் எல்லாம் கார்டின் சொந்த மெமரியில் இருந்தால்தான் வேலை நடக்கும். அது நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் ரேமுக்குப் போய்விடும். தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட் வழியாக வர வேண்டும். 5060 டிஐயின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி கொடுக்கும். அந்த ஸ்லாட் வழியாக? ஸ்லாட்டில் தரவு போகிற பாதைகளை லேன் என்பார்கள், 5060 டிஐ பயன்படுத்துவது 8 லேன்தான். புத்தம்புது பிசிஐ 5.0 போர்டில் நொடிக்கு சுமார் 32 ஜிபி, 4.0 போர்டில் 16, என்னிடம் இருக்கிற பி450 மாதிரி 3.0 போர்டில் 8. அதாவது 8 ஜிபி கார்டு வாங்கினால், பழைய போர்டு வைத்திருப்பவருக்குத்தான் அடி பலமாக விழும். மிட்ரேஞ்ச் கார்டு வாங்குகிறவர்களில் பலர் போர்டை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றுகிறவர்கள் என்பதுதான் இதில் கொடுமை. 9060 எக்ஸ்டி 16 லேன் எடுத்துக்கொள்ளும்.

யூடியூப் பட்டியல்களில் சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. சராசரி 70 என்று கம்பீரமாகக் காட்டும், ஆனால் கேமராவைத் திருப்பும்போது படம் தட்டும். கீழே சின்னதாக ‘1% லோ’ என்று ஒரு எண் இருக்கும், மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம் அது, அதைப் பாருங்கள். அதுகூட எல்லா நேரமும் காட்டிக்கொடுக்காது. சில விளையாட்டுகள் தட்டாமல் சத்தமில்லாமல் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்துவிடும். எண்களெல்லாம் அழகாக இருக்கும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுவரில் இருக்கும் எழுத்து மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருக்கும்.

2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் விளையாட்டு இதற்கு நல்ல சோதனை. செட்டிங்ஸில் ‘டெக்ஸ்சர் பூல்’ என்று ஒன்று உண்டு, டெக்ஸ்சருக்கு எவ்வளவு மெமரி ஒதுக்குவது என்பது அது. 1440பி மானிட்டரில் அதை மேலே ஏற்றிவிட்டு மூலையில் ஓடும் மெமரி எண்ணைக் கவனித்தால், என் கார்டில் 8 ஜிபியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், விளையாட்டு பாட்டுக்கு ஓடும். 8 ஜிபி கார்டில் அதே அளவு வைத்தால் ஃபிரேம் ரேட் படுத்துவிடும். பூலைக் கீழே இறக்கியே ஆக வேண்டும். இன்னொரு வேடிக்கை, என்விடியா பெருமையாகச் சொல்லும் ஃபிரேம் ஜெனரேஷனுக்கே (இடையில் ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகும் வசதி) தனியாகக் கொஞ்சம் மெமரி வேண்டும். 8 ஜிபியில் அதுவும் இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

சரி, பச்சைக்கு என்ன இருக்கிறது? நிறைய. குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆதரவு உள்ள விளையாட்டுகள் அதிகம். அதற்கு ஏஎம்டியின் பதிலான எஃப்எஸ்ஆர் 4 படத் தரத்தில் நன்றாகவே நெருங்கிவிட்டது, எண்ணிக்கையில் இன்னும் பின்னால். பிளெண்டரில் 3டி வேலை, வீடியோ எடிட்டிங், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது என்றால் குடா (கார்டைக் கணக்கீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் என்விடியாவின் மென்பொருள்) இருக்கும் பக்கம் போவதுதான் நல்லது. அந்த வேலை எதுவும் நான் செய்வதில்லை, செய்கிற நண்பர்கள் இதில் ஒருமித்துப் பேசுகிறார்கள். அப்படிப்பட்டவர் யோசிக்காமல் 5060 டிஐ 16 ஜிபி வாங்கலாம், கூடுதல் காசு வேலையில் வந்துவிடும். செகண்ட் ஹாண்டில் விற்கும்போதும் என்விடியா பேருக்கு மவுசு ஜாஸ்தி. டிரைவர் விஷயத்தில் எனக்கு இதுவரை தொந்தரவு இல்லை, ஆனால் இது ஒரே ஒரு கணினியின் சாட்சி.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் மேலே சொன்ன மெமரிப் புராணம் உங்களுக்கு இல்லை. 8 ஜிபி தாராளம், இந்த இரண்டையும்விட மலிவான கார்டே போதும்.

ஏஎம்டியும் யோக்கியம் இல்லை. 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள், என்விடியா செய்கிற அதே வேலை. கடையில் ‘9060 எக்ஸ்டி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். பெட்டியின் மேல் 16 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பில்லிலும் அதைச் சீரியல் நம்பரோடு எழுதச் சொல்லி வாங்குங்கள். வாரண்டிக்குப் போகும்போது அந்தப் பில்தான் பேசும்.