என்.எஸ்.எஸ். பையன்களா, ஊர் அண்ணன்மாரா? கபடிக் குழுவுக்கு யார் தாங்குவார்கள்

எங்கள் ஊரில் கபடி ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆட்டத்தை நடத்தத்தான் ஆள் கிடைப்பதில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு போட்டி வைத்தால், ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர் என்று விதிப்படி களத்துக்கு மட்டுமே 6 பேர் வேண்டும். அது போக 13-க்கு 10 மீட்டர் மண்ணில் கல் பொறுக்க, தண்ணீர் தெளிக்க, சுண்ணாம்புக் கோடு போட, வந்த அணிகளுக்குச் சாப்பாடு பார்க்க யார் இருக்கிறார்கள்? பாளையங்கோட்டைக் கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பையன்கள், இல்லையென்றால் ஆடி ஓய்ந்த ஊர் அண்ணன்மார்.

தலை எண்ணிக்கைக்குப் பையன்கள்தான். என்.எஸ்.எஸ்.ஸில் 2 வருஷத்தில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டும், அதனால் கல்லூரியில் ஒரு கடிதம் கொடுத்தால் 20 பேர் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். முகம் சுளிக்காமல் வேலையும் செய்வார்கள். ஆனால் எங்கள் கொடை சித்திரையில், அவர்களுக்கு செமஸ்டர் பரீட்சை ஏப்ரலில். அப்புறம் எங்கே வர?

அண்ணன்மார் கதை வேறு. வாட்ஸ்அப்பில் "ஞாயிறு காலை எல்லாரும் வாங்க" என்று போட்டால் 14 கட்டைவிரல் விழும், மைதானத்தில் 2 பேர் நிற்பார்கள். அதே ஆளை டீக்கடையில் பிடித்து, "அண்ணே, கோடு போடுறது இனிமே உங்க பொறுப்பு" என்று சொன்னால் போதும். முட்டி போன ஒரு பழைய ரெய்டர் அப்படித்தான் வந்தார். முளையும் கயிறுமாக வந்து நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன், அதற்கு அப்பால் 1 மீட்டரில் கூடுதல் புள்ளிக்கான போனஸ் லைன் என்று அளந்துகொண்டே, "போன தடவ பயலுவ போட்ட போனஸ் லைன் வளைஞ்சுல்லா கெடந்துச்சு, அதுல கால வச்சா எந்தக் கணக்குலே?" என்றார். பிசான அறுப்பு வந்தால் அவரும் வயலுக்குப் போய்விடுவார்தான், ஆனால் போகும்போது மச்சினனை அனுப்பிவிட்டுப் போவார்.

அண்ணன்மாரிடம் தொல்லை இல்லாமலும் இல்லை. பிளெக்ஸில் பேர் விடுபட்டதற்காக ஒருவர் 2 வருஷம் மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சரி, பணம் கொடுத்துப் பார்ப்போமே என்று ஒரு போட்டிக்கு ஆளுக்கு 300 ரூபாய் பேட்டா கொடுத்தோம், அடுத்த போட்டிக்குக் கையில் காசில்லை, ஆளும் இல்லை. அந்த வழிக்கு இனிப் போக மாட்டோம்.

பரீட்சை இல்லாத நாளில் கூட்டம் சேரும் ஒருநாள் போட்டிக்குப் பையன்கள், தினமும் சாயங்காலம் நடக்கும் பயிற்சிக்கு அண்ணன்மார் என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இடையில் ஒரு பையன் மட்டும் கணக்கில் அடங்காமல் நிற்கிறான். 240 மணி நேரமும் போன வருஷமே முடிந்துவிட்டது, இன்னும் வருகிறான். ஏன் என்று கேட்டால், கோடு போடும்போது கயிற்றின் அந்த முனையைப் பிடிக்க அண்ணனுக்கு ஆள் வேண்டுமாம்.