பாக்டீரியாக் கரைசலும் எங்கள் மொட்டைமாடியும்: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

1960ஆம் ஆண்டில் அலிக்ஸ், கரோல் ஆகிய இரு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கி மொரீசியசின் மர வீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பின்னரே இங்குத் தட்டையான கான்கிரீட் கூரை பரவலாயிற்று. புயலுக்கு அசையாத அக்கூரை மழைக்கு ஒழுகும் என்பதைக் கியூர்பைப் என்னும் மேட்டுநில ஊரில் குடியிருப்போருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாடிக்கென்று விட்டுவைத்த கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் பழைய மொட்டைமாடியில் தார்ப்பூச்சை இருமுறை மாற்றிச் சலித்த பிறகு, பாக்டீரியா அடங்கிய பழுதுநீக்கக் கரைசலை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தேன்.

இதன் வேர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் நடத்திய ஆய்வுகளில் இருக்கிறது. கான்கிரீட்டைக் கலக்கும்போதே பாசிலஸ் வகைப் பாக்டீரியாவின் வித்திகளையும் அவற்றுக்கு உணவாகும் கால்சியம் லாக்டேட்டையும் சேர்த்துவிட்டால், காரம் மிகுந்த அச்சூழலில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கும் வித்திகள், விரிசல் வழியே நீர் புகுந்ததும் விழித்து, அவ்வுணவை உண்டு, சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கி விரிசலை அடைக்கின்றன. அவை ஆக்சிஜனையும் செலவழிப்பதால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிப்பதும் மட்டுப்படுகிறது. ஏற்கெனவே கட்டிய கூரைக்கு அந்த முறை உதவாது என்பதால் தெளிக்கும் கரைசல் வந்தது. முதலில் தெளிப்பதில் சோடியம் சிலிக்கேட்டும் பாக்டீரியாவின் உணவும், அடுத்துத் தெளிப்பதில் கால்சியம் நைட்ரேட்டும் உள்ளன. இரண்டும் சேர்ந்து உருவாகும் கூழ் விரிசலை உடனே மூட, அதன் பிறகே பாக்டீரியாவின் நிதானமான வேலை தொடங்குகிறது.

“கிருமியைக் காசு கொடுத்து வாங்குகிறீர்களா?” என்று கொத்தனார் கிரியோல் மொழியில் கேட்டுச் சிரித்தார். சிரித்தவரே பழைய தாரை மூன்று நாள் சுரண்ட வேண்டியதாயிற்று. தார் ஒட்டியிருக்கும் இடத்தில் கரைசல் உள்ளே இறங்காது. அந்தக் கூலியையும் விலையோடு கூட்டியே இப்பொருளை மதிப்பிட வேண்டும்.

படுக்கையறைக்கு மேலிருந்த மயிரிழை விரிசல்களில் சில வாரங்களில் வெண்மையான படிவு தோன்றியது. நான் அளந்த வரையில் அவ்விரிசல்களின் அகலம் 0.3 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதன்று. அதன்பின் வந்த கோடை மழைக்காலம் முழுவதும் அந்த அறையின் மேற்கூரையில் ஈரத் திட்டு தென்படவில்லை. எப்போதும் ஈரமாகவே இருக்கும் ஊர் என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் கியூர்பைப், நீரின்றி விழிக்காத இவ்வுயிர்களுக்கு ஏற்ற இடமே. எனினும் சூலை மாதக் குளிரில் தெளித்தது என் பிழை. குளிரில் பாக்டீரியாவின் வேலை மந்தமாகும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்திலோ கதை வேறு. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அந்த விரிசல் இரண்டு மாதத்திற்குள் மீண்டும் வாய் பிளந்தது. சுண்ணாம்புக்கல் வளைந்து கொடுக்காது. ஆகையால் அசையும் விரிசலுக்கு இதை வாங்குவது வீண். விற்பனைத் தாளில் இந்த எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். அந்த இணைப்பை இப்போது இழுபடும் பசையால் அடைத்திருக்கிறோம். கார் நிற்கும் கொட்டகையின் தளத்தில் மயிரிழை விரிசல்கள் மட்டுமே இருப்பதால், அதற்கு இதே கரைசலை வரும் நவம்பரில் தெளிக்கவிருக்கிறேன்.