பெற்றோர் உரிமை அறிவிப்புக் கையேடு: கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் சேவை பற்றிய மதிப்புரை

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பெற்றோருக்கு அவர்களின் உரிமைகளை எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியக் கல்விச் சட்டத்தொகுப்பின் 48980ஆம் பிரிவு பொதுப் பள்ளிகளுக்கு விதித்திருக்கும் கடமை. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நாங்கள் வசிக்கும் ஊரின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அப்பகுதிப் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு, இதை ஒரு நீண்ட பிடிஎஃப் கையேடாக ஆகஸ்ட் மாதத்தில் மின்னஞ்சலில் அனுப்பி, மாணவர் சேர்க்கைத் தளத்தில் கையொப்பமும் வாங்கிக்கொள்கிறது. இவ்வாண்டுக் கையேட்டைச் சட்டப் பிரிவுகளோடு ஒப்பிட்டு முழுவதும் படித்தேன். சொல்ல வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கின்றன. ஆனால் பெற்றோர் அறிந்துகொண்டால் போதும் என்னும் செய்திகளும், குறித்த நாளுக்குள் அவர்கள் முடிவெடுத்துப் பதில் தர வேண்டிய செய்திகளும் எந்த வேறுபாடும் இன்றி ஒரே எழுத்தளவில் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருப்பதால், கையேட்டின் பயனில் பாதி வீணாகிறது என்பதே என் மதிப்பீடு.

கையொப்பப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பெற்றோர் பார்ப்பது அந்த ஒரு பக்கத்தை மட்டுமே. சேர்க்கைத் தளத்தில் 'படித்தேன், ஏற்கிறேன்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதை அழுத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அறிவிப்பு தமக்குக் கிடைத்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே பெற்றோரின் கையொப்பம். எந்தத் திட்டத்திலும் பிள்ளையைச் சேர்க்க இசைந்ததாகவோ மறுத்ததாகவோ அதற்குப் பொருள் இல்லை என்று 48982ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இந்த விளக்கம் கையேட்டின் உள்ளே ஒரு பத்தியில் இருக்கிறது. கட்டத்தின் அருகில் இல்லை. 'ஏற்கிறேன்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, இனி எதையும் மறுக்க வழியில்லை என்று நினைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அப்படி நினைக்க வைப்பது பள்ளியின் நோக்கமாக இருக்காது. ஆனாலும் விளைவு அதுவே.

இதனால் உண்மையான இழப்பு நேர்வது மாணவர் விவரங்களைப் பிறருக்குக் கொடுக்கும் பகுதியில்தான். 1974ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டமான ஃபெர்பா, மாணவர் பதிவேட்டைப் பெற்றோரின் எழுத்து இசைவு இன்றிப் பிறருக்குக் காட்டக்கூடாது என்று பொதுவாகத் தடுக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, விளையாட்டு அணியில் இருந்தால் உயரம், எடை, பெற்ற விருதுகள் போன்றவற்றை மட்டும் 'டைரக்டரி' விவரங்கள் என்று வகைப்படுத்தி, பெற்றோர் எதிர்ப்புத் தெரிவிக்காத வரையில் தனிப்பட்ட இசைவு இன்றியே அவற்றை வெளியிடப் பள்ளிக்கு இடம் கொடுக்கிறது. அதாவது இங்கே பெற்றோர் பேசாமல் இருந்தால் அது சம்மதமாகிவிடும். எங்கள் கையேட்டில் இந்தப் பத்தி அடர்த்தியாகக் கிடக்கிறது. எதிர்ப்பைத் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள் பத்தியின் இறுதி வரியில் இருக்கிறது. அதற்கான படிவமோ பல பக்கங்கள் தள்ளிப் பின்னிணைப்பில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை இராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதே படிவத்தில்தான் இருக்கிறது. குடியுரிமை நிலை, குடிவரவு நிலை, பிறந்த இடம் ஆகியவற்றைக் கலிஃபோர்னியச் சட்டம் இந்த வகையில் சேர்ப்பதே இல்லை; இந்த உறுதியைக் கையேடு நேர்ப்பட எழுதியிருப்பது பாராட்டுக்குரியது. விசா நிலையைப் பற்றிய கவலையோடு வாழும் குடும்பங்கள் இங்கே பல.

பதிவேட்டைப் பார்வையிடும் உரிமையில் கையேடு தனக்குத் தானே முரண்படுகிறது. ஃபெர்பா பகுதியில் 45 நாட்களுக்குள் என்று இருக்கிறது. மாநிலச் சட்டப் பகுதியில் ஐந்து வேலை நாட்களுக்குள் என்று இருக்கிறது. இரண்டும் அந்தந்தச் சட்டப்படி சரியே. 45 நாள் என்பது நாடு முழுவதற்குமான உச்ச வரம்பு. கலிஃபோர்னியாவில் பள்ளி ஐந்து வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். ஆனால் முதலில் கண்ணில் படுவது 45 என்பதால், மதிப்பெண் பட்டியலோ ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்போ அவசரமாகத் தேவைப்படும் பெற்றோர் ஒன்றரை மாதம் காத்திருப்பார். ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் இந்தக் குழப்பம் நீங்கிவிடும்.

இதே கையேட்டில் மிகச் சிறப்பாக அமைந்திருப்பது, வியப்பாக, பூச்சிக்கொல்லி பற்றிய பக்கம். பள்ளி வளாகத்தில் அந்த ஆண்டு பயன்படுத்தக்கூடிய மருந்துகளின் வணிகப் பெயர் ஒரு நெடுவரிசையிலும், அவற்றில் அடங்கிய வேதிப்பொருளின் பெயர் அடுத்த நெடுவரிசையிலுமாக ஓர் அட்டவணை இருக்கிறது. எறும்புக்கு வைக்கும் ஜெல் முதல் களைக்கொல்லி வரை எல்லாம் அதில் அடங்கும். தெளிப்பதற்கு 72 மணி நேரம் முன்பே தமக்குத் தகவல் வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் நிரப்ப வேண்டிய சிறு படிவம் அதே பக்கத்தின் அடியில் இருக்கிறது. செய்தி, உரிமை, செயல் மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தாய் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிடலாம். இப்படி ஒரு பக்கத்தை ஆக்கத் தெரிந்தவர்கள் மற்றப் பக்கங்களையும் இவ்வாறே ஆக்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய தடை மொழி. ஒரு பள்ளியின் மாணவரில் 15 விழுக்காட்டினர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தாய்மொழி ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியாக இருந்தால், அறிவிப்புகளை அந்த மொழியிலும் தர வேண்டும் என்று 48985ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் பகுதியில் ஸ்பானியம், சீனம் ஆகியவற்றில் கையேடு கிடைக்கிறது, தமிழில் இல்லை. ஆனால் ஃபெர்பா விதிகள் எந்த விழுக்காட்டையும் குறிக்காமல், ஆங்கிலம் அல்லாத வீட்டுமொழி கொண்ட பெற்றோருக்கும் பயனுள்ள முறையில் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. ஆகவே மொழிபெயர்ப்பு உதவி கேட்பது சலுகை கேட்பதாகாது. பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு அழைத்து வரும் தாத்தா பாட்டிகளுக்குச் சட்டப் பொறுப்பு இல்லாமல் இருக்கலாம். ஆயினும் மகனோ மருமகளோ அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கும் அளவுக்காவது எளிய நடை வேண்டும்.

மொழியோடு சேர்ந்த இன்னொன்று வீட்டுமொழிக் கணக்கெடுப்பு. முதல்முறை பள்ளியில் சேர்க்கும்போது 'தமிழ்' என்று எழுதினால், பிள்ளைக்கு 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் போதுமானது என்று முடிவு வந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் தகுதி பெறும் வரை ஆண்டுதோறும் எழுத வேண்டும். மாநிலத்தின் பொதுத் தேர்வுகளிலிருந்து பிள்ளையை விலக்கும்படி எழுதிக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. எல்பேக்குக்கு அந்த விலக்கு பொருந்தாது. இந்த வேறுபாட்டைக் கையேடு சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகவே படுகிறது, ஏனென்றால் தேர்வு முறையைச் சரிவர அறியாமல்தான் பலர் 'தமிழ்' என்று எழுதவே அஞ்சுகிறார்கள். பிள்ளை ஆங்கிலம் கற்பவர் என்று வகைப்படுத்தப்பட்டால் பள்ளி அதற்கான காரணத்தையும், பயிற்சித் திட்டத்தின் தன்மையையும், அதை மறுக்கும் உரிமையையும் பெற்றோருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பாடத்தை மறுக்கும் உரிமை, பாலியல் நலக் கல்வியின் பாடப்பொருளைப் பார்வையிட்டு எழுத்து மூலம் விலக்குக் கேட்கும் உரிமை, சமயத் திருநாளுக்கு முறையான விடுப்பு ஆகியன சுருக்கமாகவும் சரியாகவும் எழுதப்பட்டுள்ளன. கட்டணம் பற்றிய பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். பாடத்துக்கோ பாடம் சார்ந்த செயல்பாட்டுக்கோ பொதுப் பள்ளி கட்டணம் வாங்கக்கூடாது. 'நன்கொடை' என்று வரும் கடிதத்துக்குப் பணம் தராவிட்டாலும் பிள்ளையை ஒதுக்கக்கூடாது. இதை மீறினால் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். கட்டடங்களில் உள்ள கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பற்றிய பத்தி மட்டும் வெறும் சம்பிரதாயமாக நிற்கிறது: 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மேலாண்மைத் திட்டத்தை யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறதே தவிர, எந்த அலுவலகத்தில் யாரிடம் கேட்பது என்று இல்லை.

சிறப்புக் கல்விக்குரிய பாதுகாப்பு உரிமைகளைக் கையேடு ஒரு பக்கத்தில் முடித்துக்கொண்டு, தனி ஆவணத்தைக் கேட்டுப் பெறச் சொல்கிறது. பிள்ளையின் பேச்சு, கவனம், கற்றல் ஆகியவற்றில் ஐயம் உள்ளவர்கள் அந்த ஆவணத்தை உடனே வாங்கிவிடுங்கள். இயலாது என்பது தெளிவாக இருந்தாலன்றி அதைப் பெற்றோரின் தாய்மொழியில் தர வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டக் கூட்டத்தில் நடப்பது பெற்றோருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் பள்ளியின் பொறுப்பே. கோரிக்கையை வாய்மொழியாக வைக்காமல் தேதியிட்ட மின்னஞ்சலாக அனுப்பி, படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். முடிவெடுக்க வேண்டியவற்றை மட்டும் கடைசி நாளோடும் படிவத்தோடும் முதல் பக்கத்தில் தொகுத்துத் தருமாறு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அதைச் செய்தால் நான்கு தரத் தயங்க மாட்டேன்.