இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கினால் வெறும் கண்ணாடியோடு அனுப்பும் இடத்தை நம்பாதீர்கள்

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கடையோடு சேர்ந்த ஒரு கண் கிளினிக் இருக்கிறது. அங்கே என் அக்கா பட்ட பாட்டை எழுதுகிறேன்.

அவளுக்கு முதலில் வந்தது கடும் தலைவலி, காதில் ஓயாத இரைச்சல். அப்புறம் இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கின. எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களோ கம்ப்யூட்டர் டெஸ்ட் மட்டும் எடுத்து, "பிளஸ் பவர் வந்திருக்கு" என்று 7,500 ரூபாய்க்குக் கண்ணாடியைத் தலையில் கட்டினார்கள். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, கண்ணுக்குள்ளே பார்க்கவே இல்லை. கண்ணாடி போட்டதும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்ததுதான் கொடுமை. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து அதை முன்னால் தள்ளினாலும் பிளஸ் பவர் காட்டும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கண் சிவந்து வெளிச்சம் கூச ஆரம்பித்ததும் மறுபடி போனாள். இன்ஃபெக்‌ஷன் என்றார்கள். பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை. சர்க்கரை இருக்கிறதா, காசநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி இல்லை. பார்வை தெளிந்ததும், "அவ்வளவுதான், நிறுத்திடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்டீராய்டை அப்படிச் சட்டென்று நிறுத்தச் சொன்னதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அடுத்த மாதமே நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பியது.

பெரிய கண் மருத்துவமனையின் யூவியா (கண்ணின் நடு அடுக்கு) பிரிவில் ஓர் இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "காதுல இரைச்சல் இருந்துச்சாம்மா? சீப்பு பட்டா தலை வலிச்சுதா?" அடுத்து, கண்ணில் எப்போதாவது அடிபட்டதா, ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டார். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் இரண்டு விழித்திரைக்கும் அடியில் கறுப்புக் கறுப்பாக நீர் தேங்கியிருந்ததைத் திரையிலேயே காட்டினார்.

நோயின் பெயர் வோக்ட்–கொயனாகி–ஹராடா, சுருக்கமாக விகேஎச். கண்ணுக்குள் வரும் அழற்சியில், அதாவது யூவைட்டிஸில், இது ஒரு வகை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் நிறமி செல்களையே தாக்குகிறது. அந்த செல்கள் கண்ணில் மட்டுமல்ல, உள்காதிலும் மூளை உறையிலும் தோலிலும் முடியிலும் இருக்கின்றன. தலைவலியும் காது இரைச்சலும் அதனால்தான். பின்னால் இமைமுடி நரைக்கலாம், தோலில் வெண்திட்டு வரலாம்.

வைத்தியம் பத்து நாளில் முடிகிற விஷயமே இல்லை. காசநோயும் சிபிலிஸும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எடைக்கேற்ற அளவில் ஸ்டீராய்டைத் தொடங்கி, குறைந்தது ஆறு மாதமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து கொடுப்பதும் உண்டு. அது வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கண் அழுத்தம், சர்க்கரை, ஈரல் எல்லாவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஸ்டீராய்டாலேயே கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்கென்றே யூவியா பிரிவு இருக்கிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கி, தலைவலியோ காது இரைச்சலோ கூட இருந்தால் நேரே அங்கே போங்கள்.

அக்கா இப்போது மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறாள். படிக்க முடிகிறது, ஆனால் நிறங்கள் முன்போல் பளிச்சென்று இல்லை என்கிறாள். கிளினிக்கில் கேஸ் ஷீட் கேட்டோம், அப்படி ஒன்று எழுதியே வைக்கவில்லை. மருந்துச் சீட்டையும் கண்ணாடி பில்லையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.